மடி கொடுக்க வந்தவர்கள்

ஒட்டுப்பாறையில் இறந்துபோன தாய்மாமன்கள் காதுகுத்துக்கு வரத் தொடங்கியபோது ஊருக்கு ஏற்பட்ட முதல் சங்கடம், அவர்களுக்கு எந்த அளவில் வேட்டி எடுத்து வைப்பது என்பதுதான். பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தக் கொடுக்கிற மாமனுக்குத் தகப்பன் வீட்டார் வேட்டி துண்டு வைத்து மரியாதை செய்ய வேண்டும் என்பது முறை. முதலில் வந்து பாயில் உட்கார்ந்தவனோ காக்கி டவுசர் போட்ட எட்டு வயதுப் பையன். பிள்ளையின் தாய் பெருமாயியின் மாமனார் சற்று யோசித்துவிட்டு, எடுத்து வைத்திருந்த வேட்டியை எட்டாக மடித்து அவன் தோளில் போட்டார். பையன் அது நழுவி விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் தன் மடியைத் தட்டி, பிள்ளையைக் கொடு என்பதுபோல் பெருமாயியைப் பார்த்தான்.

அவன் பெயர் வீரணன். பெருமாயிக்கும் ஒச்சம்மாளுக்கும் தம்பி. பால்பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காமல், ஈரத்துணியைக் கடித்தபடியே பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும் என்று அழுது, அக்காமார் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே வெளுத்து வெளுத்து இறந்துபோனவன். அதன் பிறகு பெருமாயி வளர்ந்து, கல்யாணமாகி, வேறு தெருவுக்கு வாழப்போய், ஆண் பிள்ளையும் பெற்றுவிட்டாள். தம்பி மட்டும் அதே உயரத்தில், அதே டவுசரில், ஒரு பித்தளைத் தட்டில் வாழைப்பழமும் புதுச்சட்டையும் ஒரு ஜோடி கடுக்கனும் ஏந்திக்கொண்டு, மேளச் சத்தத்துக்கு நடுவே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

பந்தலில் யாரும் அலறவில்லை. முன்வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி அவனை உற்றுப் பார்த்துவிட்டு, "வீரணனாடா? வளரவே இல்லையேடா நீ" என்றாள். "ஆமா பெரியம்மா" என்றான் அவன். மாமன் இல்லாத வீட்டில் மாமன் வந்துவிட்டானே என்ற நிறைவில் பெண்கள் குலவையிட்டார்கள், ஆசாரி ஊசியை எடுத்தார், பிள்ளையை அவன் மடியில் வைத்தார்கள், இரண்டு காதிலும் குத்தினார்கள். இரண்டு காதிலும் ரத்தம் நிற்கவில்லை. ஈரத்துணி வைத்தார்கள், மஞ்சள் வைத்தார்கள், சுண்ணாம்பு வைத்தார்கள், துணி மாற்றி மாற்றி வைத்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்தார்கள். வீரணன் அதற்கு முன்பே, வேட்டியை மடித்துத் தட்டில் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்து போயிருந்தான்.

பெருமாயி பிறந்த வீட்டை ஊரில் ஈரத்துணி வீடு என்றுதான் சொல்வார்கள். அந்த வீட்டுக் கொடியில் எந்நேரமும் ஒரு துணி நனைந்தபடி தொங்கும். அங்கே பிறந்த பையன்களுக்கு முள் குத்தினாலும் நிற்காது, முழங்கால் இடித்துக்கொண்டால் உள்ளுக்குள்ளேயே ஒழுகித் தேங்காய்போல் வீங்கும், ஒருவனும் மீசை முளைக்கிற வயதைப் பார்த்ததில்லை. பெண்பிள்ளைகளுக்கு ஒன்றும் வராது. அவர்கள் அரிவாள்மனையில் விரலை வெட்டிக்கொண்டு, வாயில் வைத்துச் சூப்பிவிட்டு, மறுபடியும் காய் நறுக்குவார்கள். அது ஆண்களைக் கேட்கிற சாபம் என்று ஊர் முடிவு செய்திருந்தது. எந்தச் சாபம், யார் விட்டது என்று யாரும் மெனக்கெட்டு விசாரிக்கவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் நல்ல நிறமாகவும் வேலைக்காரிகளாகவும் இருந்ததால் பல தெருக்களில் கட்டிக்கொண்டு போனார்கள், போன இடங்களிலும் கொடியில் ஒரு துணி நனைந்து தொங்க ஆரம்பித்தது.

பிறகு அவர்கள் வருவது வழக்கமாயிற்று. எந்தப் பிள்ளைக்கு அந்த நோய் இருக்கிறதோ அந்தப் பிள்ளையின் காதுகுத்துக்கு, அதன் தாயோடு பிறந்து செத்துப்போன பையன், செத்த வயதிலேயே, தட்டோடு வந்தான். ஊர் அதற்குத் தகுந்தபடி தன்னைச் சரிசெய்துகொண்டது. அவர்கள் உட்கார்ந்த பாயைக் கழுவ வேண்டுமா, தீட்டு உண்டா என்று கேள்வி வந்தபோது, நல்ல காரியத்துக்குச் சீர் கொண்டுவந்தவனுக்கு என்ன தீட்டு என்று பெரியவர்கள் தீர்த்துவைத்தார்கள். பஸ் கண்டக்டர் அவர்களுக்கு டிக்கெட் போடுவதா வேண்டாமா என்று குழம்பி, கடைசியில் அரை டிக்கெட் என்று முடிவு செய்தார். டீக்கடையில் அவர்களுக்கும் ஒரு கிளாஸ் வைத்தார்கள். குடிக்கமாட்டார்கள், ஆனால் சூடாக இருக்கும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பார்கள். போட்டோக்காரர்கள் அவர்களை மற்ற மாமன்களைப்போலவே, கொஞ்சம் சிரிங்க மாமா என்று சொல்லிப் படம் எடுத்தார்கள். சிரித்தார்கள்.

மாமன் வந்தால் குத்தக்கூடாது, வராவிட்டால் தாராளமாகக் குத்தலாம் என்ற விதி இரண்டு மூன்று சாவுகளுக்குப் பிறகு தானாக உண்டாயிற்று. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா ஜீப்பில் வந்து, அம்மா வழியாக வருகிற நோய் இது, ரத்தம் உறையாது, ஊசி மருந்து இருக்கிறது, பரிசோதனைக்கு எல்லோரும் வாருங்கள், பெண்களும் வாருங்கள் என்று சமுதாயக்கூடத்தில் பேசியபோது, ஊர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. "ரத்தம் நிக்குமா நிக்காதான்னு பாக்க ஊசியால குத்தணும்ங்கிறீங்க" என்று ஒருவர் எழுந்து கேட்டார். "எங்ககிட்ட குத்தாமலே பாக்குற வழி இருக்கு டாக்டரம்மா." பெண்கள் ஒருவரும் போகவில்லை. நோயில்லாதவர்களுக்கு எதற்குப் பரிசோதனை என்று ஆண்கள் கேட்டார்கள், பெண்கள் தலையை ஆட்டினார்கள்.

கொஞ்ச காலத்தில் மாமன் வருவது நோயைச் சொல்ல என்பது மறந்துபோய், அவன்தான் நோயைக் கொண்டுவருகிறான் என்று ஆயிற்று. வராமல் தடுக்கப் பார்த்தார்கள். ஒரு குடும்பம் யாரிடமும் சொல்லாமல் பழனிக்குப் போய்க் குத்தியது. அங்கே மொட்டையடிக்கிற கூட்டத்தில் அவன் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். இன்னொரு குடும்பம் குறித்த நாளை முந்தைய நாளுக்கு மாற்றியது. காலையிலேயே தலைசீவி வந்து வாசலில் காத்திருந்தான். தாய் வீட்டுப் பங்காளி முறையில் ஒருவனை மாமனாக உட்கார வைத்துப் பார்த்தார்கள். செத்தவன் அவனுக்குப் பக்கத்தில், இடம் கிடைத்த அளவுக்கு ஒட்டி உட்கார்ந்துகொண்டு, பிள்ளை அழுதபோது கிலுகிலுப்பை ஆட்டினான்.

ஒச்சம்மாளின் மகன் தவசிக்கும் வீரணன் வந்தான். குத்தவில்லை. ஓட்டையில்லாத காதோடு தவசி பதினொரு வயதுவரை வளர்ந்தான், பள்ளிக்கூடத்துச் சுவரிலிருந்து விழுந்தான், காதுக்கு மேலே கையால் மூடுகிற அளவுக்கு ஒரு வீக்கம் வந்தது, வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் செத்துப்போனான். அவனுக்கு இளையவள் நாகஜோதி. தவசி மூங்கில் பாடையில் போவதைத் தகப்பன் தோளில் உட்கார்ந்து பார்த்தவள், வளர்ந்து, கடைத்தெருவில் பிளக்ஸ் போர்டு அடித்துக் கொடுக்கிற செல்வேந்திரனுக்கு வாழ்க்கைப்பட்டாள்.

செல்வேந்திரனின் அம்மா விருமாயி சம்பந்தத்துக்கு ஒத்துக்கொண்டதே பெண்ணின் முகத்துக்காக மகன் பிடிவாதம் பிடித்ததால்தான். முதலில் பெண் பிறந்தது, இலக்கியா என்று பேர் வைத்தார்கள். அடுத்து கபிலன். அவன் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே விருமாயி சொன்னாள்: "இந்தா பாரு நாகஜோதி, ஒளிவு மறைவு இல்லாமச் சொல்றேன். காதுகுத்து அன்னைக்கு ஒங்கண்ணன் வந்தான்னா, பிள்ளையத் தூக்கிக்கிட்டு அப்படியே ஒங்கம்மா வீட்டுக்குப் போயிரு. எம்மகனுக்கு நான் வேற எடம் பாத்துக்கிறேன். பொட்டப்பிள்ள எங்ககிட்ட இருக்கட்டும், அது பாவம், அதுக்கு ஒண்ணும் இல்ல."

"அத்தே, பரிசோதனை செஞ்சு பாத்துரலாம்னு அவரு சொல்றாரு."

"பச்சப்பிள்ளைக்கு ஊசி குத்தவா? ஒங்கண்ணன் எதுக்கு இருக்கான்?"

கபிலன் குப்புற விழுந்து, தவழ்ந்து, நடந்து, விழுந்தான். ஒவ்வொரு விழுதலுக்கும் நாகஜோதி அவன் துணியை விலக்கி முழங்காலைப் பார்த்தாள். சில நாள் கன்றியிருந்தது, சில நாள் இல்லை. எல்லாப் பிள்ளைக்கும் கன்றும் என்றார்கள். காதுகுத்தை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போட்டாள். பெண்பிள்ளைக்கும் இன்னும் குத்தாமல் இருந்தது. பெண்களுக்கு வீட்டுக்குள்ளேயே, வெள்ளி முளைத்து விடிவதற்கு முன், நாலு பெண்களை மட்டும் வைத்துக் குத்திவிடுவது அந்த வீட்டு வழக்கம், அதில் யாரும் மாமனைத் தேடமாட்டார்கள். செல்வேந்திரன்தான் இரண்டு பிள்ளைக்கும் ஒன்றாகக் கோயிலில் வைத்தே செய்துவிடலாம் என்றான். பிளக்ஸில் இருவர் முகத்தையும் ஒரே அளவில் போட்டான். ஈரத்துணி வீட்டு விசேஷத்துக்கு மாமன் படம் போடக்கூடாது, அது கூப்பிடுகிற மாதிரி ஆகிவிடும் என்பதால் அந்த இடத்தில் இரண்டு மயில்களை நிறுத்தினான்.

ஒச்சம்மாள் அதைக் கேட்டு அவ்வளவு கோபப்படுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "பொட்டப்பிள்ளைக்கு எதுக்குக் கோயிலு, கூட்டம்? நாங்க வீட்டுல வச்சுக் குத்திக்கிறோம்" என்று மருமகனிடம் வந்து சண்டை போட்டாள். அவன் சிரித்துக்கொண்டே, போர்டு அடிச்சுட்டேன் அத்தே என்றான்.

சின்னக்கருப்பு கோயில் மலையடிவாரத்தில் இருக்கிறது, பஸ் ஸ்டாப்பிலிருந்து வயல் வழியாக நடக்க வேண்டும். பொங்கல் வைப்பதற்காக நாகஜோதியும் அவள் அம்மாவும் பிள்ளைகளோடு காலையிலேயே போய்விட்டார்கள். விருமாயியும் மற்றவர்களும் மேளக்காரர்களை ஏற்றிக்கொண்டு வேனில் வருவதாக ஏற்பாடு. ஒச்சம்மாள் மடப்பள்ளிக்குப் பின்னால் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். நாகஜோதி குழாயடியில் பிள்ளைகளைக் குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருந்தபோது, வரப்பின்மேல் ஒரு பையன் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கால் வழுக்காமல் பார்த்துப் பார்த்து வருவது தெரிந்தது. வெள்ளைச் சட்டை, காக்கி டவுசர், தோளில் ஒரு துண்டு, காதுக்கு மேலே அந்த வீக்கம்.

நாகஜோதி துவட்டுவதை விட்டுவிட்டு குழாய்த் திட்டில் உட்கார்ந்தாள்.

"வந்துட்டியாண்ணே" என்றாள். அவளைவிடப் பாதி வயதுகூட இல்லாதவனை அண்ணே என்று கூப்பிடுவது அவளுக்கு விசித்திரமாக இல்லை.

"மொத பஸ்சுக்கே வந்துட்டேன் நாகு. ஒக்கார எடம் கெடக்கல." தட்டைத் திட்டின்மேல் வைத்தான். அவளை ஏற இறங்கப் பார்த்தான். "குண்டாயிட்ட."

கபிலன் ஈரக்காலோடு ஓடிப்போய் அவன் டவுசரைப் பிடித்துக்கொண்டான். தவசி அவன் தலையைத் தடவினான், காதை லேசாகப் பிடித்து இழுத்தான், பிறகு பிடித்திருந்த கையை மெல்ல எடுத்துவிட்டு, தள்ளி நின்ற இலக்கியாவுக்கு எதிரே போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்து தன் மடியைத் தட்டினான். அவள் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணே, அவ இல்ல. இவன்."

"இவளுக்குத்தான் வந்தேன்."

"அவனுக்கு?"

"அவனுக்கு ஒண்ணுமில்ல. அவனுக்கு யாரு மடியில வச்சு வேணாலும் குத்திக்கங்க."

நாகஜோதியின் நெஞ்சில் இரண்டு வருடமாக ஏற்றி வைத்திருந்த கல் இறங்கியது. இறங்கியதும் அது எங்கே போய் உட்கார்ந்தது என்று பார்த்தாள். இலக்கியா தவசியின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு, "மாமா, நீங்க எத்தனாவது படிக்கிறீங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆறாவது" என்றான் அவன். "ரொம்ப வருசமாவா?" "ம்."

"பொம்பளப் பிள்ளைக்கு வராதேண்ணே" என்றாள் நாகஜோதி.

அப்போதுதான் ஒச்சம்மாள் கரண்டியோடு மடப்பள்ளி மூலையைத் திரும்பி வந்தாள். மகனைப் பார்த்தாள். அவன் மடியில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள். ஆச்சரியப்படுகிறவளின் முகம் அல்ல அது. தாமதமாக வந்த பஸ்சைப் பார்க்கிறவளின் முகம். கிட்டே வந்து குனிந்து அவன் தலையில் வீக்கத்தின்மேல் உள்ளங்கையை வைத்து, இன்னும் வலிக்கிறதா என்று கேட்காமல் கேட்டுவிட்டு, நிமிர்ந்து ரோட்டுப் பக்கம் பார்த்தாள்.

"இன்னும் யாரும் வரல. அவனக் கூட்டிட்டுப் போயி மடப்பள்ளிக்குள்ள ஒக்கார வச்சுக் கதவச் சாத்து. விசேஷம் முடிஞ்சதும் நான் பஸ் ஏத்தி விட்டுர்றேன்."

"அம்மா?"

"பிள்ளையக் கீழ எறக்கு மொதல்ல. ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாது." பேத்தியைத் தூக்கக் கையை நீட்டினாள். "ஒனக்குக் குத்துன அன்னைக்கு எந்தம்பி வீரணன் இப்படித்தான் வந்து நின்னான். ஆட்டுக் கொட்டத்துல வச்சுப் பூட்டுனேன். சத்தம் போடல, பாவம், ஆடுகளோட ஒக்காந்திருந்தான். எனக்குக் குத்துனப்ப எங்காத்தா அவ கூடப்பொறந்தவன மொறத்தால மறைச்சு வெளிய அனுப்பிச்சிருக்கா. அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெருமாயிக்கும் அப்படித்தான். நமக்கு வராது, நாகு. நம்ம வயித்துல ஒக்காந்திருக்கும். பிறக்கிற பயலுகளுக்குக் குடுக்கும்."

"ஊருல எல்லாரும் பெரியம்மா பிள்ளைக்குத்தான் மொதமொத வந்தாங்கன்னு சொல்றாங்க."

"ஆம்பளைங்க மொதமொத பாத்தது அப்பத்தான்."

ஒச்சம்மாள் குரலைத் தாழ்த்தி, கெஞ்சுவதுபோலச் சொன்னாள். "நான் பூட்டுனதுனாலதான் ஒனக்குக் கல்யாணம் நடந்துச்சு. ரெண்டு பிள்ள பெத்து, பவுன் தாலி போட்டு நிக்கிற. நாலு பேருக்கு முன்னாடி இவன் மடியில அவ ஒக்காந்தான்னா, இவள நாளைக்கு எவன் கட்டுவான்? ஒம்மகன் தப்பிச்சுட்டான். ஒம்மாமியாளும் ஒண்ணும் சொல்ல மாட்டா. எல்லாம் நல்லபடியா முடியுறத ஏன் கெடுக்குற? கதவச் சாத்து."

வயலுக்கு அப்பால் வேன் திரும்புகிற இடத்தில் மேளம் கேட்டது. தவசி அம்மாவை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப, என்னையப் பெக்குறதுக்கு முன்னாடியே ஒனக்குத் தெரியுமாம்மா?"

ஒச்சம்மாள் கரண்டியைப் பார்த்தாள். கரண்டியில் ஒட்டியிருந்த பருக்கைகளைக் கட்டைவிரலால் வழித்தாள். மேளம் பக்கத்தில் வந்துவிட்டது.

"தெரியும்யா."

"ஓ."

"ஒண்ணாவது தப்பிக்கும்னு நெனச்சேன். பாதிக்குப் பாதிதான வருதுன்னு நெனச்சேன். நீ பொறந்தப்ப எவ்வளவு அழகா இருந்த தெரியுமா."

"சரிம்மா" என்றான் தவசி, வீட்டில் குழம்பு தீர்ந்துவிட்டது என்று சொன்னால் சரி என்பானே அதே மாதிரி. இலக்கியாவின் தலையில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைத் தன் தோள்துண்டால் துவட்ட ஆரம்பித்தான்.

நாகஜோதி அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கதவைச் சாத்துவது எவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தெரிந்தது. மடப்பள்ளிக் கதவு திறந்துதான் கிடந்தது, தாழ்ப்பாள்கூட எண்ணெய் போட்டு வைத்திருந்தார்கள். சாத்தினால் இன்று சிரிப்பு, விருந்து, இரண்டு பிள்ளைக்கும் கடுக்கன். பிறகு ஒரு கல்யாணம். பிறகு ஒருநாள், தன் மகளின் எதிரே, அவள் பெற்ற ஒரு பையன் இதேபோல் அண்ணாந்து பார்த்து இதே கேள்வியைக் கேட்பான், இலக்கியாவால் 'தெரியும்' என்றுகூடப் பதில் சொல்ல முடியாது. அம்மாவுக்காவது பதில் இருந்தது.

"எந்திரிண்ணே" என்றாள். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தட்டை அவன் கையில் கொடுத்து, மறு கையைப் பிடித்துக்கொண்டு கோயில் முன்வாசலுக்கு நடந்தாள். ஒச்சம்மாள் பின்னால் கூப்பிடவில்லை. அடுப்பில் பொங்கல் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது.

வேனிலிருந்து இறங்கிய கூட்டம் தவசியைப் பார்த்ததும் மேளம் தானாக நின்றது. விருமாயி மார்பில் கைவைத்தாள். "வந்துட்டானா. வந்துட்டானா பாவி. யாரும் ஊசிய எடுக்காதீங்க. ஏ செல்வம், பாத்தியாடா, நான் தலபாடா அடிச்சுக்கிட்டேனே."

"அத்தே, கபிலனுக்கு வரல" என்றாள் நாகஜோதி. "இவளுக்கு வந்திருக்காரு எங்கண்ணன்."

பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். "பொட்டப்பிள்ளைக்கு என்னத்தா வருது? ஒங்கண்ணன் வழி தெரியாம ஒக்காந்துட்டான்போல."

"குத்தலாமா கூடாதா, அத மட்டும் சொல்லுங்க" என்றார் சோலைமலை ஆசாரி. "எனக்கு இன்னொரு எடத்துல சோலி கெடக்கு."

"குத்துங்க. ரெண்டு பேருக்கும் குத்துங்க. அவளுக்கு நிக்கும். எனக்கு நின்னுச்சு, எங்கம்மாவுக்கு நின்னுச்சு. எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் நிக்கும். நாங்க பெக்குற பயலுகளுக்குத்தான் நிக்கிறதில்ல. எங்ககிட்ட இருந்துதான் போகுது." இதைச் சொல்லும்போது அவள் கணவனைத்தான் பார்த்தாள். "என்கிட்டயும் இருக்கு. இவகிட்டயும் இருக்கு."

அப்போது அந்தக் கூட்டத்தில் நின்றவர்களில், ஈரத்துணி வீட்டிலிருந்து பல தெருக்களுக்குப் போன பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் குனிந்து தரையைப் பார்த்தார்கள். அவர்களின் கணவன்மார் தரையைப் பார்க்கிற மனைவிமாரைப் பார்த்தார்கள். விருமாயி பேரனை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, ஓரடி பின்னால் தள்ளி நின்றாள், பேத்தியிடமிருந்து.

செல்வேந்திரன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தவன், அதைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, தவசியின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து மகளின் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டான். பிடித்த பிடியில் தைரியம் இல்லை; வேறு எதைப் பிடிப்பது என்று தெரியாததால் பிடித்தது. ஆசாரி குத்தினார். இலக்கியா ஒரு தடவை வீறிட்டாள். ஒவ்வொரு காதிலும் ஒரு பொட்டு ரத்தம் வந்து நின்றது. தவசி அதைத் துண்டு முனையால் ஒற்றி எடுத்தான், வெகுநேரம் அந்த இரண்டு சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தான், நின்றுபோகிற ரத்தத்தை அவன் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

பிறகு நடந்ததெல்லாம் ஊர் வழக்கப்படி நடந்தது. செல்வேந்திரன் இரண்டு பிள்ளைகளையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டரம்மா தவசி சொன்னதையே வேறு சொற்களில் சொன்னார். அவன் நாகஜோதியை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை, ஆனால் அவளோடு பேசுவது குறைந்தது, மூன்றாவது பிள்ளை பற்றிய பேச்சு அந்த வீட்டில் எழவே இல்லை. விருமாயி பேரனுக்கு மட்டும் தனித்தட்டில் சோறு போட்டாள். ஒச்சம்மாள் மகள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினாள். எங்கேயாவது எதிர்ப்பட்டால், "நல்லா இருக்கியா" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனாள். கொஞ்ச நாள் வரை தெருக்களில் கதவுகளுக்குப் பின்னால் சண்டை கேட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் காதுகுத்து வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்க்க ஆரம்பித்தார்கள், பெண்ணின் காதுகுத்து வீடியோவை.

நாகஜோதி நினைத்தது, இனி தாய்மார்கள் சொல்லிவிடுவார்கள், பிள்ளைகள் தெரிந்து வளரும், தெரிந்து கட்டிக்கொள்ளும், தெரிந்து மருந்துக்குப் போகும் என்பதுதான். இரண்டு வீடுகளில் அப்படி நடக்கவும் செய்தது. மற்ற வீடுகள் வேறொன்றைக் கற்றுக்கொண்டன: ஊர் முழுக்கக் கதவைச் சாத்தக் கற்றுக்கொண்டது. ஆணானாலும் பெண்ணானாலும் காதுகுத்தைச் சுவருக்குள் கொண்டுபோனார்கள், ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டினார்கள், வெளியூர் மாமன் ஒருவனை வாடகைக்கு உட்கார வைத்தார்கள், இரும்புக் கதவு செய்கிற பட்டறைக்காரனுக்குக் கை ஓயாத வேலை. முன்பெல்லாம் சுவருக்குள்ளும் கூட்டத்துக்குள்ளும் எப்படியோ நுழைந்தவர்கள், இரும்புக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். முகூர்த்த நாட்களில் செத்துப்போன பையன்கள் ஒட்டுப்பாறை வீதிகளில் தட்டோடு அலைந்தார்கள். பழம் கறுத்தது. புதுச்சட்டையில் தூசி படிந்தது. ஒரு வாசலில் நின்று, அடுத்த வாசலுக்குப் போய், வெயில் ஏறியதும் பஸ் ஸ்டாப்பின் நிழலில் வரிசையாக உட்கார்ந்து, டீக்கிளாஸைப் பிடித்துக்கொண்டு, உள்ளே கேட்கிற மேளத்தைக் கேட்டார்கள். அந்த வருடங்களில்தான் ஊரில் அதிகமான பையன்கள் செத்தார்கள். பஸ் ஸ்டாப்பில் வரிசை நீண்டது.

இலக்கியா வளர்ந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும், நாகஜோதி சோறு ஊட்டும்போதே சொல்லி வளர்த்தாள். பள்ளியில் அவள் பக்கத்தில் உட்கார வேண்டாம் என்று சில தாய்மார்கள் சொன்னார்கள், ஒட்டுகிற நோய் அல்ல என்று தெரிந்தும் சொன்னார்கள். கல்லூரி முடித்துவிட்டு அப்பாவின் கடையில் உட்கார்ந்து பிளக்ஸ் வடிவமைத்தாள். பெண் பார்க்க இரண்டு முறை வந்தார்கள். காபியைக் கொடுத்ததும் அவளே சொன்னாள், என்னிடம் இது இருக்கிறது, பையன் பிறந்தால் பாதிக்குப் பாதி, பார்த்துப் பெற்றுக்கொள்ள வழி உண்டு, சம்மதமா என்று. அவர்கள் காபியை மிச்சம் வைக்காமல் குடித்தார்கள், நல்ல பெண் என்று சொன்னார்கள், போனார்கள். மூன்றாவதாக யாரும் வரவில்லை.

முகூர்த்த நாட்களில் அவள் கடையைத் திறப்பதில்லை. காலையில் முதல் பஸ் வருவதற்கு முன் ஸ்டாப்புக்குப் போய்விடுவாள். இறங்குகிற பையன்களை ஒவ்வொருவராகப் பார்ப்பாள். எல்லோரும் அவள் இடுப்புயரம், தோளுயரம். சட்டைக் காலரைச் சரிசெய்துவிடுவாள். ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை ஒருவன்தான் இறங்கினான், ஐந்து வயதுக்கு மேல் இருக்காது, தட்டைப் பிடிக்கக் கை எட்டவில்லை.

"எந்த வீட்டுக்குத் தம்பி?"

"எங்கக்கா வீட்டுக்கு. பாப்பாவுக்குக் காது குத்துறாங்க."

"ஒங்கக்கா பேரு சொல்லு, நான் கூட்டிட்டுப் போறேன்."

சொன்னான். அது பள்ளியில் இலக்கியாவின் பக்கத்தில் உட்காராத ஒரு பெண்ணின் பேர். இலக்கியா தட்டைத் தான் வாங்கிக்கொண்டு, அவன் விரலைப் பிடித்து நடத்திக்கொண்டு மேலத்தெருவுக்குப் போனாள். புதுப் பெயின்ட் அடித்த இரும்புக் கதவு, உள்ளே மேளம், பெண்கள் சிரிக்கிற சத்தம், எங்கோ ஒரு குழந்தையின் சிணுங்கல். கதவைத் தட்டினாள்.

உள்ளே சட்டென்று எல்லாம் அடங்கியது. "யாரு?" என்று அந்தப் பெண்ணின் குரல் கேட்டது, கதவுக்கு வெகு அருகில்.

"நான் இலக்கியா. ஒந்தம்பியக் கூட்டிட்டு வந்திருக்கேன். குத்துறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் தெற. பாத்துட்டு, தெரிஞ்சுக்கிட்டு, அப்புறம் என்ன வேணாலும் செய்யி."

கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்குவது கேட்டது. தாழ்ப்பாளின்மேல் ஒரு கை வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. பையன் கதவின் அடியில் இருந்த இடைவெளி வழியாகக் குனிந்து பார்த்து, "அக்கா கால்" என்று சொல்லிச் சிரித்தான்.

கை எடுக்கப்பட்டது. உள்ளே யாரோ மேளக்காரனைப் பார்த்து, ஓங்கி அடிப்பா என்றார்கள். இலக்கியா தட்டைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தட்ட ஆரம்பித்தாள்.